தோழர் சுகைர் மந்திரியான கதை

ஸ்காபரோ
11.08.2024

அன்புள்ள அக்கா,

தம்பி ராசன் எழுதுறன். இஞ்சை நாங்கள் மூண்டு பேரும் குறையொண்டும் இல்லாமல் இருக்கிறம். எனக்கு மட்டும் சீனி கொஞ்சம் ஏறி நிக்குது. மாம்பழம் முடிய இறங்கிவிடும் எண்டு டொக்டருக்கு நான் சொல்லியிருக்கிறன். உங்கடை முழங்கால் எப்பிடி? காதைப் பற்றிக் கேக்கேல்லை. போனிலை கத்திக் கத்தி என்ரை தொண்டைதான் போனது. வாட்ஸ்அப்பிலை அனுப்பினால் உங்கடை மருமகள் துர்க்கா அதை ஒழுங்கையிலை இருக்கிற சனத்துக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுறாள். அதாலை நீங்கள் சொன்ன மாதிரிக் கடிதம்தான். ஓ.எல். சோதினையை இரண்டு தரம் எடுத்தும் தமிழிலை சாதாரண சித்திதான் கிடைச்சவன் எண்டதை மனசிலை வைச்சு வாசியுங்கோ.

மகள் நிலாணிக்குக் கலியாணக் குறிப்புப் பார்க்கிறதைக் கொஞ்சம் ஆறப்போடுங்கோ. இருபத்தெட்டு வயதுதானே, அவசரமில்லை. அதைப் பிறகு எழுதுறன்.

வேறை ஒரு புதினம். சென் ஜேம்ஸ் ரவுணிலை நாங்கள் முதல் இருந்த மாடியிலை, பக்கத்து வீட்டிலை சுகைர் எண்டு ஒரு அரபு மனிசன் இருந்தவர் எல்லோ? சோசலிஸ்ற். ரம்லியா எண்ட நாட்டுக்காரர். உலகப் படத்திலை என்ரை சுண்டுவிரல் நகத்தை வைச்சால் நாடு மறைஞ்சிடும். ராசாவுக்கு எதிராய் நோட்டீஸ் ஒட்டி, மறியல் கம்பிக்குள்ளை கிடந்து, தப்பி வந்தவர். இப்ப அந்த ராசா ஓடிப்போனார். தடை செய்திருந்த கட்சி சுகைரைத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கு. போன கிழமை நான்தான் எயாப்போட்டுக்குக் கொண்டுபோய் விட்டனான். பிறம்ரன் வெயார்ஹவுசிலை என்னோடை பெட்டி தூக்கின மனிசன், நாடு ஆளப் போறார்! பாதி வழியிலை, "ராசன், நான் அடுப்பை நிப்பாட்டினனானோ?" எண்டு கேட்டார். திரும்பிப் போய்ப் பார்த்தம். நிப்பாட்டித்தான் இருந்தது. ரம்லியாவிலை புரட்சி ஒரு பிளேன் பிந்தினது அதாலைதான்.

நல்ல மனிசன் அக்கா. குடியில்லை, சிகரட் இல்லை. மனிசி சல்மா தங்கமான குணம். ஒரே ஒரு மகன், பாசில். தாயோடை இஞ்சைதான் நிக்கிறான். அவனுக்கும் குடியில்லை.

ஜெயமலர் உங்களை மருந்தை மறக்காமல் போடட்டாம்.

பாசமுள்ள தம்பி,
ராசன்

---

கொக்குவில்
09.09.2024

ராசனுக்கு,

அக்கா எழுதுறன். பிள்ளையார் விட்ட வழியிலை நடக்கிறன், அவரும் மெதுவாய்த்தான் நடக்கிறார். சீனி இருக்கிறவன் மாம்பழம் தின்னக்கூடாது. அதைக் கடிதத்திலை எழுதவும் கூடாது.

"இருபத்தெட்டுத்தானே" எண்டு எழுதியிருக்கிறாய். அந்த வயதிலை எனக்கு மூண்டு பிள்ளை. மெல்போர்ன் பெடியன்ரை குறிப்பு நல்ல பொருத்தம். எஞ்சினியர். ஆக்களும் அமைதியான ஆக்கள். தை பிறக்க முதல் மறுமொழி கேக்கினம்.

அம்மா போன நாளிலை இருந்து நான் ஓம் எண்டு சொல்லாமல் எங்கடை வீட்டிலை ஒரு தாலியும் ஏறினதில்லை. ஒருத்தன் ஏத்தினான், சின்ன மாமாவின்ரை மகன். அவனோடை இண்டைக்கும் எனக்குக் கதையில்லை. இதை நீ மறக்கமாட்டாய் எண்டு நினைக்கிறன்.

அந்த அரபு மனிசன் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாரோ? ஒரு சந்தேகம். தலைவர் குடிக்கிறேல்லை எண்டு எழுதினாய், சரி. மகன் குடிக்கிறேல்லை எண்டதை எனக்கு ஏன் எழுதினாய்?

மலருக்கும் பிள்ளைக்கும் என்ரை ஆசி. உனக்குப் பாவற்காய்.

அக்கா மங்கையற்கரசி

---

ஸ்காபரோ
06.10.2024

அன்புள்ள அக்கா,

கடிதம் கண்டன், பாவற்காயும் தின்னுறன். முகம் மாறினதைப் பார்த்து நிலாணி சிரிக்கிறாள். நீங்கள் வெய்யிலுக்கை திரியாதேங்கோ.

மெல்போர்ன் விசயம் பிறகு. முதல் சந்தோசச் செய்தி. தோழர் சுகைர் கட்சிச் செயலாளர் ஆகிவிட்டார்! படம் அனுப்பியிருக்கிறார். பின்னாலை செங்கொடி, முன்னாலை மைக், உடம்பிலை நான் குடுத்த குளிர் ஜக்கெற். அங்கை நாப்பது பாகை வெக்கை. ஏன் கழட்டேல்லை எண்டு கேட்டன். "இது தொழிலாளியின்ரை உடுப்பு" எண்டார்.

அவரின்ரை தகப்பன் துறைமுகத்திலை மூட்டை தூக்கினவர். ஆனால் தாய்வழி பெரிய இடம். பேரீச்சந் தோட்டம் இருந்ததாம், ஊராக்களுக்குப் பிரிச்சுக் குடுத்தவையாம். ஒரு கெட்ட பேரும் இல்லாத குடும்பம்.

அவர் தலைவர் ஆனது இஞ்சைதான் அக்கா, எங்கடை மாடிப்படியிலை. ஒரு குளிர்காலம் முழுக்க லிப்ற் வேலை செய்யேல்லை. நாங்கள் பதினேழாம் மாடி. நிலாணியை ஒரு கையிலும் அரிசி மூட்டையை மற்றக் கையிலும் தூக்கிக்கொண்டு ஏறுவன். எட்டாம் மாடியிலை எதைக் கீழை வைக்கலாம் எண்டு யோசிப்பன். ஒருநாள் சுகைர் படியிலை ஏறி நிண்டு பேசினார். லிப்ற் ஓடும் மட்டும் வாடகை இல்லை எண்டார். எத்தினையோ பாசைக்காரர் அந்தப் படியிலை. ஒருத்தருக்கும் மற்றவரின்ரை பாசை விளங்காது, ஆனால் வாடகை இல்லை எண்டது எல்லாருக்கும் விளங்கினது. நான்தான் ஒலிபெருக்கிக்கு பற்றறி பிடிச்சுக்கொண்டு நிண்டனான். சரித்திரத்திலை என்ரை இடம் அது. கடைசியிலை லிப்ற் திருத்த ஆக்கள் வந்தினம்.

வந்த மெக்கானிக்கை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிண்டவன்தான் பாசில். இப்ப அவனே லிப்ற் மெக்கானிக். இஞ்சை அந்த வேலைக்கு எஞ்சினியர் வேலையை விட மதிப்பு. எங்கடை புட்டிலை வளர்ந்தவன், "அன்ரி, சம்பல் காணாது" எண்டு தமிழிலை கேட்பான். ஐஞ்சடி பதினொரு அங்குலம்.

குளிர் தொடங்குது. எங்களுக்காய் ஒரு தேங்காய் உடையுங்கோ.

தம்பி ராசன்

---

கொக்குவில்
30.10.2024

ராசனுக்கு,

நல்ல சுகம். தேங்காய் உடைச்சன். சரிபாதியாய்த்தான் உடைஞ்சது.

தோழரின்ரை வரலாறு வாசிச்சன். உன்ரை அத்தான் அருள்நாயகத்தோடை இருந்த காலம் முழுக்க நான் சோசலிஸ்ற்மாரின்ரை வரலாறுதான் கேட்டனான். ஒருத்தரின்ரை வரலாற்றிலும் மகன்ரை உயரம் வந்ததில்லை. உன்ரை தலைவருக்கு நாடு இருக்கு, கட்சி இருக்கு. மகனுக்கு உயரம் இருக்கு, தொழில் இருக்கு, தாய்வழி பெரிய இடமும் இருக்கு. நட்சத்திரம் ஒண்டுதான் நீ இன்னும் எழுதேல்லை.

நேரை எழுது. மெல்போர்ன்காரர் துர்க்காவுக்குப் போன் எடுக்கத் தொடங்கிவிட்டினம்.

அக்கா

---

ஸ்காபரோ
22.12.2024

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒண்டுமில்லையே? இவ்வளவு நாளும் மறுமொழி இல்லாததுக்கு என்னைத் திட்டியிருப்பியள். இஞ்சை தபால்காரர் வேலைநிறுத்தம். உங்கடை கடிதம் ஏதோ ஒரு பைக்குள்ளை ஒரு மாசமாய் உறங்கினது. சுகைர் அங்கையிருந்து தபால்காரருக்கு ஆதரவு அறிக்கை விட்டார்! போன் எடுத்து, "தோழர், உங்கடை மகன்ரை கலியாணமும் அந்தப் பைக்குள்ளைதான் கிடக்குது" எண்டன். "போராட்டம் முதல், ராசன்" எண்டார்.

எழுதிவிட்டன் அக்கா. இனி அழிக்கேலாது, ஜெயமலர் வெள்ளை மையை ஒளிச்சுவைச்சிட்டாள். ஓம். நிலாணியும் பாசிலும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புகினம். படியிலை தூக்கிக்கொண்டு திரிஞ்ச காலத்திலை இருந்து தெரிஞ்ச பிள்ளையள். "பெரிய மாமி ஓம் எண்டு சொல்லாமல் நான் கட்டமாட்டன்" எண்டு நிலாணி சொல்லிப்போட்டாள். "அப்ப கேட்டு எழுதுங்கோ" எண்டு தாய். நானும் ஐஞ்சு மாசமாய் எழுதுறன். பேனை ரம்லியாவுக்குப் போகுது, கேள்விக்குப் போகுதில்லை.

ஆனால் இதைக் கேளுங்கோ. அங்கை தேர்தல் நடந்தது. சுகைர் வெண்டார். வெண்டது மட்டுமில்லை, பொதுவேலை மந்திரி! எங்கடை பரம்பரையிலை ஊர் அதிகாரி விதானை வீட்டோடைகூடச் சம்மந்தம் இருந்ததில்லை. இப்ப மந்திரி வீட்டுச் சம்மந்தம்! மெல்போர்ன் எஞ்சினியர் எங்கை, மந்திரி மகன் எங்கை? யோசியுங்கோ.

இன்னொரு புதினம். பாசில் வேலை செய்யிற கட்டடத்திலை தொப்பி போட்ட ஒரு தமிழ்க் கிழவர் லிப்ற்றிலை ஏறி, மேலையும் கீழையுமாய்ப் போய்வந்து, "தம்பி, சூதாட்டம் உண்டோ? கோபம் வருமோ?" எண்டு கேட்டாராம். இன்சூரன்ஸ்காரராய்த்தான் இருக்கவேணும்.

நல்ல மறுமொழிக்குக் காத்திருக்கும்,
ராசன்

---

கொக்குவில்
18.01.2025

ராசனுக்கு,

பொங்கல் பொங்கிச் சரியாய்க் கிழக்குப் பக்கம் வழிஞ்சது. எல்லாருக்கும் நல்லது நடக்கும்.

அந்தக் கிழவர் இன்சூரன்ஸ்காரர் இல்லை. அத்தான்ரை பழைய தோழர் வின்சன்ற். மகளோடை அங்கை ஸ்காபரோவிலைதான் இருக்கிறார். உன்ரை முதல் கடிதம் வந்த கையோடை விசாரிக்கச் சொல்லி எழுதினது நான்தான். பெண் குடுக்கிற வீட்டை விசாரிக்காமல் விட நான் என்ன மந்திரியோ? பெடியன் தங்கமாம். ஆரெண்டு தெரியாத கிழவன் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாய் மறுமொழி சொல்லி, இறங்கேக்கை கையும் பிடிச்சு விட்டவனாம். மெல்போர்ன்காரருக்குக் கார்த்திகையிலேயே வேண்டாம் எண்டு சொல்லிவிட்டன்.

அவன் அரபு எண்டதோ, வேறை வேதம் எண்டதோ எனக்குப் பெரிசில்லை. சின்ன மாமாவின்ரை மகனோடை நான் கோபம், அவன் ஆரைக் கட்டினான் எண்டதுக்கில்லை. எனக்குச் சொல்லாமல் கட்டினதுக்கு. நீ வளைச்சு வளைச்செண்டாலும் சொன்னாய்.

ஆனால் ராசன், மந்திரி வீட்டுக்கு நான் பெண் குடுக்கமாட்டன்.

உன்ரை அத்தான் மூண்டு தேர்தலிலை நிண்டு மூண்டிலும் கட்டுக்காசைப் பறிகுடுத்தவர். ஊர் சிரிச்சது. நான் அழேல்லை. ஒருக்கா வெண்டிருந்தால் அவரை நான் பிறகு கண்டிருக்கமாட்டன். தோத்ததாலை ஒவ்வொரு நாளும் இராச்சாப்பாட்டுக்கு வீட்டை வந்தார். கூட்டத்திலை பேசத் தொடங்கினால் நிப்பாட்டத் தெரியாது. நான் பின்னாலை நிண்டு தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்கிக் காட்டுவன். உடனை, "தோழர்களே, தேத்தண்ணி ஆறுது" எண்டு முடிப்பார். சனம் அதுக்குத்தான் கைதட்டும். தோத்த சோசலிஸ்ற்றுக்குக் கேத்தில் தெரியும். வெண்டவருக்குத் தெரியாது.

நீ கடிதத்துக்குக் கடிதம் அந்த மனிசனை ஒவ்வொரு படியாய் ஏத்தினாய். ஏத்த ஏத்த நான் தகப்பனை விட்டிட்டு மகனைத்தான் யோசிச்சன். தகப்பன் வெண்டால் மகனைக் கூப்பிடுவார். மகன் போவான். போறது பிழையில்லை. போனால் திரும்பி வருவானோ? எனக்கு அது ஒண்டுதான் கேள்வி. அதுக்கு மறுமொழி தெரியாமல் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்.

பிள்ளையை முகம் வாடாமல் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஸ்காபரோ
12.02.2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லாரும் சுகம். பனி முழங்காலளவு.

சுகைரைப் பற்றி நான் கொஞ்சம் கூட்டி எழுதிப்போட்டன். அவ்வளவு பெரிய மந்திரி இல்லை. பொதுவேலை எண்டால் ரோட்டு, வெள்ளம் ஓடுற கான், மதகு. கார் இருக்கு, ஆனால் பழசு. கதவு உள்ளையிருந்து திறக்காதாம். அமைச்சின்ரை லிப்ற் ராசா காலத்திலை நிண்டது, மனிசன் எட்டு மாடி ஏறி மேலை போக மூச்சு வாங்கித் தூங்கிவிடுவாராம். போன தேர்தலிலைகூடச் சும்மா கொஞ்ச வாக்காலைதான் வெண்டவர். அடுத்ததிலை கட்டாயம் தோப்பார், நான் பொறுப்பு.

பாசில் அங்கை போயிருக்கிறான். தகப்பன் கூப்பிட்டவர், அந்த லிப்ற்றைப் பார்க்கத்தான். வந்திடுவான்.

நிலாணி சுகம். வேலைக்குப் போறாள். ஜெயமலர் சமைச்சது கொஞ்சம் மிஞ்சுது, அவ்வளவுதான்.

ராசன்

---

கொக்குவில்
07.03.2025

ராசனுக்கு,

இஞ்சை எல்லாம் வழமை.

வந்திட்டானோ?

அக்கா

---

ஸ்காபரோ
30.03.2025

அன்புள்ள அக்கா,

வந்திட்டான்! மற்றச் சுகநலம் எல்லாம் பிறகு.

போன மாசம் முழுக்க நான் உங்களுக்கு எழுதாமல் விட்டதை இப்ப எழுதுறன். போன புதிதிலை ஒவ்வொரு நாளும் நிலாணிக்குப் போன் எடுத்தான். பிறகு இடைவெளி விழுந்தது. பிறகு ஒரு படம் வந்தது: பாசில் மேடையிலை, கழுத்திலை மாலை, பின்னாலை கொடி. கட்சி அவனை இளைஞர் அணித் தலைவராக்கப் போகுதாம். நிலாணி படத்தைப் பார்த்திட்டு, "ஹீ லுக்ஸ் ஹாப்பி, அப்பா" எண்டு போனைக் கவிட்டு வைச்சாள். தகப்பனுக்கு அந்த ஜக்கெற்றைக் குடுத்த என்ரை கையை நானே வெட்டவேணும் போல இருந்தது. சுகைருக்கு எடுத்தன். "மகன் கட்சிக்குக் கிடைச்ச வரம்" எண்டார். வாழ்க்கையிலை முதல் முறை அந்த மனிசன் பேசி முடிக்க முன்னம் போனை வைச்சன்.

நடந்தது இதுதான். பழைய கம்பியள், பழைய மோட்டர், ஒண்டொண்டாய்க் கழட்டிப் பூட்டி லிப்ற்றை ஓடவைச்சிருக்கிறான். திறப்புவிழாவிலை சுகைர் கீழை நிண்டு பேசத் தொடங்கினார். பெடியன் பின்பக்கத்தாலை பையோடை வெளிக்கிட்டிட்டான். வாசலிலை தகப்பன் ஓடிவந்து மறிச்சவராம். "நாடு கிடக்குது, எங்கை போறாய்?" எண்டு கேட்டவராம்.

"அப்பா, நீங்கள் மேலை போக லிப்ற் செய்து தந்திட்டன். நான் வீட்டை போகோணும்" எண்டிருக்கிறான்.

எயாப்போட்டிலை இருந்து நேரை எங்கடை வீட்டை வந்தான். கதவைத் திறந்தது நிலாணி. அவன்ரை பையை வாங்கி உள்ளை வைச்சாள். கொஞ்ச நேரத்தாலை குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, "அன்ரி, புட்டு இருக்கோ?" எண்டான். ஜெயமலர் அழுதுகொண்டு தேங்காய் துருவினாள். நான் அழேல்லை. வெங்காயம் வெட்டினன், அதாலை ஒருத்தருக்கும் தெரியாது.

சுகைர் பிறகு போன் எடுத்தார். "என்ரை மகன் எனக்கெதிராய் வேலைநிறுத்தம் செய்துபோட்டான், ராசன்" எண்டார். குரலிலை பெருமைதான் கூட.

இனி உங்கடை சொல்.

தம்பி

---

கொக்குவில்
24.04.2025

என்ரை ராசனுக்கு,

உன்ரை கடிதத்தை நானே இரண்டு தரம் வாசிச்சு, பிறகு துர்க்காவிட்டைக் குடுத்து ஒழுங்கை முழுக்க வாசிக்கச் சொன்னன்.

வேலையை முடிச்சான், வீட்டை வந்தான். எனக்கு வேறை பொருத்தம் வேண்டாம். ஓம்.

ஆவணியிலை நாள் எடு. தாலியும் நடக்கட்டும், அவையின்ரை முறையும் நடக்கட்டும். இரண்டு தரம் சாப்பாடு, ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம். என்ரை முழங்கால் பிளேன் ஏறாது. சின்ன மாமாவின்ரை மகன் அங்கை மொன்றியலிலைதானே, அவனுக்கும் கார்ட் அனுப்பு. நான் சொன்னதெண்டு எழுது.

ஒரு நிபந்தனை. கலியாண வீட்டிலை சம்மந்தியாருக்கு மைக் குடுக்கக்கூடாது.

அத்தான்ரை கூட்டங்களிலை நான் தூக்கின கேத்தில் இன்னும் கிடக்குது. ஒரு பக்கம் நெளிவு. வின்சன்ற்றின்ரை மகள் விடுமுறையிலை இஞ்சை வந்து நிக்கிறாள், அவளிட்டைக் குடுத்துவிடுறன். அது நிலாணிக்கு. எப்ப தூக்கவேணும் எண்டு அவளுக்கு வேறையாய் எழுதியிருக்கிறன். உனக்குத் தேவையில்லை.

அக்கா

---

ஸ்காபரோ
08.09.2025

அன்புள்ள அக்கா,

உங்கடை ஆசியாலை எல்லாம் நிறைவாய் முடிஞ்சது. படங்கள் இதோடை வருது. மணவறைக்குப் பக்கத்திலை சால்வையாலை மூக்கைத் துடைக்கிறவர்தான் மந்திரி. ஜக்கெற்றைக் கழட்டவைக்கச் சல்மாவுக்கு அரை நாள் போனது. சின்ன மாமாவின்ரை மகன் வந்தவர். உங்கடை கையெழுத்தை ஒருக்காக் காட்டச் சொல்லிப் பார்த்தவர், பிறகு பந்தியிலை நிண்டு பரிமாறினார்.

உங்கடை நிபந்தனையை எழுத்துக்கு எழுத்துக் காப்பாத்தினன். சம்மந்தியாருக்கு மைக் குடுக்கேல்லை. அதுக்காக முழு நேரமும் நானே கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

பிழை அங்கைதான் நடந்தது. மைக்கைக் கையிலை வைச்சுக்கொண்டு சும்மா நிண்டால் சனம் பார்க்குது. இரண்டு வசனம் சொல்லுவம் எண்டு தொடங்கினன். ரம்லியாவிலை தொடங்கி, மாடிப்படிக்கு வந்து, பற்றறி பிடிச்ச கட்டத்துக்கு வர எனக்கே உடம்பு புல்லரிச்சது. ஜெயமலர் கண்ணைக் காட்டினாள், நான் ரசிக்கிறாள் எண்டு நினைச்சன். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். சுகைர், உலகத்திலை எத்தினையோ மேடை கண்ட மனிசன், பாசிலின்ரை காதுக்குள்ளை "இவர் எப்ப முடிப்பார்?" எண்டு கேட்டவராம்.

அப்பதான் கண்டன் அக்கா. மண்டபத்தின்ரை கடைசியிலை, கூறைச்சேலையோடை, கதிரைக்கு மேலை ஏறி நிண்டு, நிலாணி அந்த நெளிஞ்ச கேத்திலை இரண்டு கையாலையும் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். விழாமல் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு பாசில்.

எனக்கு அத்தான்ரை கூட்டங்கள் ஞாபகம் வந்தது. வேறை என்ன சொல்லுறது? "தோழர்களே, தேத்தண்ணி ஆறுது" எண்டன்.

முன்வரிசையிலை வின்சன்ற் எழும்பி நிண்டு கைதட்டினார். பிறகு முழு மண்டபமும் தட்டினது. ஒண்டும் விளங்காத சுகைர்தான் எல்லாரையும் விடப் பலமாய்த் தட்டினார்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கோ. நான் பாவற்காய் தின்னுறன்.

உங்கடை தம்பி,
ராசன்